கைமாறும் குழந்தைகளின் உடல்நலம்

பெற்றோரிடமிருந்து பிரிந்து பிறர் பொறுப்பில் வளரும் குழந்தைக்கும் மற்றக் குழந்தைகளுக்கு வரும் நோய்களே வருகின்றன. ஆயினும் அந்நோய்களைக் கண்டறியும் வழி அங்கே பாதி அடைபட்டுக் கிடக்கிறது. பிறப்பு நிறை என்ன, குறைமாதத்தில் பிறந்ததா, எந்தெந்தத் தடுப்பூசிகள் போடப்பட்டன, முன்பு வலிப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவோ இதய நோயோ உண்டா என்று வைத்தியர் கேட்கும் வழக்கமான கேள்விகளுக்குப் பெற்ற தாய் நினைவிலிருந்தே விடை சொல்லிவிடுவாள். குழந்தையை மூன்று வயதில் ஏற்றுக்கொண்ட ஒருவரால் அவ்வாறு சொல்ல இயலாது. குழந்தை கைமாறும்போது அதன் உடல்நல வரலாறு கூடவே கைமாறுவதில்லை என்பதே இத்துறையின் மூலச் சிக்கல். ஹட்டனைச் சூழ்ந்த டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களில், பிள்ளைகள் பெரும்பாலும் எந்தச் சட்ட ஆவணமும் இன்றியே உறவினர் கைக்கு மாறுகிறார்கள். அத்தகைய இடத்தில் இச்சிக்கல் எவ்வாறு அமைகிறது, அதற்கு மருத்துவ அறிவியல் என்ன வழி சொல்கிறது என்பவற்றை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

இலங்கையில் ஒரு குழந்தை பிறர் பொறுப்பில் வளர்வதற்குச் சட்டம் சில வழிகளை வகுத்திருக்கிறது. அவற்றுள் முதலாவது, சட்டத் தமிழில் மகவேற்பு எனப்படும் தத்தெடுப்பாகும். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பொதுவாக 25 வயது நிரம்பியவரும் பிள்ளையைவிட 21 வயதேனும் மூத்தவருமான ஒருவர், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை நீதிமன்ற ஆணையின் மூலம் தம் பிள்ளையாக ஏற்கலாம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையாயின் அதன் சம்மதமும் கேட்கப்படும். இரண்டாவது, 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புத் தேவைப்படும் சிறுவரை நீதவான் 'தகுதியுள்ள ஆள்' ஒருவரின் பொறுப்பில் விடுவது. பிற நாடுகளில் வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு எனப்படுவதற்கு இலங்கையில் மிக நெருங்கிய வடிவம் இதுவே. மூன்றாவது சிறுவர் இல்லம். நாட்டின் ஏறத்தாழ 380 இல்லங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வாழ்ந்ததாகக் கடந்த பத்தாண்டின் இறுதியில் கணக்கிடப்பட்டது. அவர்களுள் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர்; வறுமையும் பிரிவும் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தன.

இம்மூன்றிலும் அடங்காத நான்காவது வகையே தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது. வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்கோ குவைத்துக்கோ தாய் போனபின், அல்லது பெற்றோர் இருவரும் கொழும்பில் வேலை தேடிக்கொண்டபின், அல்லது தாய் இறந்து தந்தை மறுமணம் செய்துகொண்டபின், பிள்ளை அம்மாயியிடமோ அப்பாயியிடமோ சித்தியிடமோ தங்கிவிடுகிறது. இதற்கு எந்த நீதிமன்றத்தின் ஆணையும் கேட்கப்படுவதில்லை. 2013ஆம் ஆண்டு முதல் வெளிநாடு செல்லும் பெண்களிடம் கோரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் செல்வதைத் தடுத்தது. 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. தாய் இல்லாத காலத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை அவ்வறிக்கை எழுத்தில் கேட்டது. ஆனால் அது தாயின் பயணத்தை அனுமதிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதற்கான கருவியாகவே நின்றுவிட்டது. பிள்ளையைப் பின்தொடரும் மருத்துவக் கருவியாக அது உருவாக்கப்படவில்லை. மலையகத்தில் இந்தப் பிரிவுகளுக்கு இன்னும் பழைய வேர்களும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் ஒரே குடும்பத்தின் சிலரை இந்தியாவுக்கு அனுப்பிச் சிலரைத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்திலேயே நிறுத்தியபோது, பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி என்பவள் இச்சமூகத்தின் நிலைத்த உறுப்பாகிவிட்டாள்.

பிரிவு குழந்தையின் உடலில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இப்பிள்ளைகளுக்கான மருத்துவத்தைத் திட்டமிட இயலாது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் கோர்டிசோல் என்னும் ஹோர்மோனைச் சுரக்கின்றன. காலையில் விழித்தெழும்போது உச்சத்தில் இருந்து இரவை நோக்கி இறங்கிச் செல்வது அதன் இயல்பான ஒழுங்கு. புறக்கணிப்புக்கு உள்ளான, அல்லது அடுத்தடுத்துப் பராமரிப்பாளர் மாறிய மழலைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுவதை அமெரிக்காவில் மேரி டோசியரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். வளர்ப்புத் தாய்க்குப் பிள்ளையின் குறிப்புகளை உணர்ந்து பதில் கொடுக்கப் பயிற்சியளித்தால் அவ்வொழுங்கு மீளத் தொடங்குகிறது என்பதையும் அவர்களே காட்டினர். வளர்ச்சி ஹோர்மோன் பெருமளவு ஆழ்ந்த உறக்கத்திலேயே சுரப்பதால், அஞ்சி அஞ்சி உறங்கும் பிள்ளைக்குப் போதிய உணவு கிடைத்தாலும் உயரம் கூடாமல் போகலாம். உளச்சூழலால் வரும் குள்ளம் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்நிலை, பிள்ளை அன்பான சூழலுக்கு மாறியதும் வேகமாகச் சரியாவதே அதை இனங்காட்டும் அடையாளம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று போருக்குப் பிந்திய ஜெர்மனியில் கிடைத்தது. ஆங்கிலேய ஊட்டச்சத்து ஆய்வாளரான எல்சி விடோசன், 1948இல் வூப்பெற்றால் நகரில் இரண்டு அநாதை இல்லங்களின் பிள்ளைகளை ஓராண்டு காலம் இரு வாரத்துக்கொரு முறை நிறுத்துவந்தார். முதல் ஆறு மாதம் இரண்டிலும் ஒரே பங்கீட்டு உணவே கொடுக்கப்பட்டது. அடுத்த ஆறு மாதம் ஓர் இல்லத்துக்கு மட்டும் கூடுதலாக ரொட்டியும் ஜாமும் தோடம்பழச் சாறும் வழங்கப்பட்டன. கூடுதல் உணவு பெற்ற பிள்ளைகளே அதிகம் நிறை கூடுவர் என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ அதற்கு நேர்மாறு. கூடுதல் உணவு தொடங்கிய அதே வேளையில், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை எல்லோர் முன்னும் அதட்டி அழவைக்கும் வழக்கமுடைய மேற்பார்வையாளர் ஒருவர், தற்செயலாக, மற்ற இல்லத்திலிருந்து இந்த இல்லத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். உணவு கூடியும் அங்கே வளர்ச்சி தளர்ந்தது. அவர் விட்டுச்சென்ற இல்லத்திலோ, உணவு கூடாமலே பிள்ளைகள் நிறை கூடினர். அவருக்குப் பிடித்தமான ஒருசில பிள்ளைகள் மட்டும் எந்த இல்லத்திலும் நன்றாகவே வளர்ந்தனர். 1951இல் வெளியான இந்த ஆய்வுக்கு மலையகத்தில் தனிப் பொருத்தம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதமாக இருக்க, தோட்டத்துறையில் 32 சதவீதமாக இருந்தனர். இப்பெரும் இடைவெளிக்குத் தாயின் போசணைக் குறைவும், பிறப்பு நிறைக் குறைவும், அசுத்த நீரும், குடற்புழுவும், குறைந்த கூலியும் காரணமென்பதில் ஐயமில்லை. அவற்றைக் களையாமல் பாசத்தைப் பற்றி மட்டும் பேசுவது அநீதி. அதே வேளை, திரிபோஷ என்னும் போசணை மா ஒழுங்காகக் கிடைத்தும் நிறை கூடாத பிள்ளை ஒன்று கிளினிக்குக்கு வரும்போது, அது யாரோடு உறங்குகிறது, அண்மையில் வீட்டில் யார் வந்தார், யார் போனார் என்பவையும் தராசின் முன்னால் கேட்கப்பட வேண்டிய மருத்துவக் கேள்விகளே.

பிரிவு நேரும் வயதும் முக்கியமானது. சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின் ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் அங்குள்ள இல்லங்களிலிருந்து, பிரித்தானியக் குடும்பங்கள் தத்தெடுத்த 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் தலைமையிலான குழு வளர்ந்த இளைஞராகும் வரை பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர்கள் ஏறக்குறைய ஏனைய தத்துப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேல் இல்லத்தில் கழித்தவர்களுள் பலரிடம் கவனக் குறைவும், அந்நியர் எவரோடும் தயக்கமின்றிச் சென்றுவிடும் போக்கும் நீடித்தன. அவர்களிலும் ஐந்தில் ஒரு பங்கினர் எந்தக் குறையுமின்றித் தேறினர் என்பதை மறக்கக் கூடாது. புக்கரெஸ்ட் நகரில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபொக்ஸ், சார்ல்ஸ் சீனா ஆகியோர் இல்லங்களில் இருந்த 136 மழலைகளுள் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஒப்பிட்டபோது, குடும்பத்துக்குச் சென்றவர்களின் அறிதிறனும் பற்றுதலும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் சென்றவர்களிடம் அம்மேம்பாடு தெளிவாக இருந்தது. 2019இல் இலங்கை ஏற்ற மாற்றுப் பராமரிப்புக் கொள்கை, இல்லத்தைக் கடைசி வழியாகவும் குடும்பத்தை முதல் வழியாகவும் வைத்தது இந்த அறிவியலோடு முற்றிலும் ஒத்துப்போகிறது.

ஆயினும் மேற்கு நாட்டு அளவுகோலை லயத்தில் அப்படியே வைத்துப் பார்ப்பது தவறான முடிவுகளைத் தரும். கொழுந்தெடுக்கும் தாய், மகப்பேற்று விடுமுறை முடிந்ததும் குழந்தையைத் தோட்டத்துப் பகல் பராமரிப்பு நிலையமான பிள்ளை மடுவத்தில் விட்டு மலைக்குப் போகிறாள். அங்கே பராமரிக்கும் பெண்ணும், பக்கத்துக் காம்பராவின் பெரியம்மாவும், வேலையிலிருந்து ஓய்ந்த பாட்டியும் அக்குழந்தையைத் தூக்கி வளர்க்கிறார்கள். இவ்வாறு வளர்ந்த பிள்ளை தெரிந்த முகங்கள் பலவற்றிடம் தாவிச் செல்வது நோயின் அறிகுறி ஆகாது. கவலைக்குரியது வேறு: காயம்பட்டு அழும்போதும் யாரிடமும் ஓடாத பிள்ளை, அல்லது முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடும் பிள்ளை. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்கு, பிள்ளையை நாளும் காணும் மடுவப் பணியாளரைவிடத் தகுதியானவர் ஹட்டன் பகுதியில் வேறெவரும் இல்லை. அவருக்குச் சில நாள் பயிற்சி அளிப்பது ஒரு சிறப்பு வைத்தியரை நியமிப்பதற்குச் சமமான பயனைத் தரும்.

தத்துப் பிள்ளைகளுக்கென்றே தனி மருத்துவமனைப் பிரிவு என்னும் எண்ணம் 1986இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேனா ஜோன்சன் என்னும் குழந்தை வைத்தியரால் செயலுக்கு வந்தது. வளர்ப்புக் குடும்பத்தை அடைந்த பிள்ளையை 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை பார்த்து, 30 நாளுக்குள் முழுமையாகச் சோதித்து, இரண்டு மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டுமென்று அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் கழகம் பரிந்துரைக்கிறது. ஹட்டனில் அதற்கெனத் தனிப் பிரிவு வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கிலேயே பெரும்பகுதியைச் செய்துவிடலாம். முதல் வேலை தடுப்பூசி. பிறந்தவுடன் போடப்படும் காசநோய்த் தடுப்பூசி இடது மேற்கையில் விட்டுச்சென்ற தழும்பு உண்டா என்று பார்ப்பதோடு, 2, 4, 6 மாதங்களிலும் 9, 12, 18 மாதங்களிலும் போட வேண்டியவை பதிவாகியுள்ளனவா என்று தேட வேண்டும். பிறப்பின்போது வழங்கப்படும் சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேடு தொலைந்திருந்தாலும், முன்பு குடும்பம் இருந்த பகுதியின் குடும்ப நல உத்தியோகத்தரிடம் விவரத்தை மீட்க வாய்ப்புண்டு. எங்கும் கிடைக்காவிடில் போடப்படவில்லை என்றே கொண்டு மீண்டும் தொடங்குவது நடைமுறை. ஒரு தடுப்பூசியை இரண்டாம் முறை போடுவதால் வரும் தீங்கு மிகச் சிறியது. போடாமல் விடுவதால் வரும் தீங்கு பெரியது.

அடுத்து இரத்தம். வெளிறிய பிள்ளைக்கு இரும்புச் சத்து மருந்து கொடுப்பதும் பூச்சி மருந்து கொடுப்பதும் தோட்டங்களில் பழகிய சிகிச்சை. கொக்கிப் புழு குடற்சுவரில் பற்றி இரத்தம் உறிஞ்சும் தோட்டத்து நிலத்தில் அது பெரும்பாலும் சரியானதே. ஆனால் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயின் காவிகளுக்கும் சிவப்பணுக்கள் சிறுத்தே தோன்றும். பெற்றோரைச் சோதிக்க வழியில்லாத பிள்ளையிடம் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பது பயனற்றது. செவிப்புலன், பார்வை, பல், தலைச்சுற்றளவு ஆகியவற்றையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஏனெனில் நல்ல சூழலை அடைந்த பிள்ளை நிறையிலும் உயரத்திலும் விரைவாக ஈடுசெய்துகொள்ள, தலைச்சுற்றளவு மட்டும் மெதுவாகவே எட்டிப்பிடிக்கிறது. கருவிலிருந்தபோது தாய் மது அருந்தியதால் வரும் மூளைப் பாதிப்பு சிலரிடம் இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் தோட்டத்துப் பிள்ளை என்பதனாலேயே அதை ஊகித்து எழுதுவது மருத்துவம் ஆகாது, அது பழிச்சொல். இலங்கையில் பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல்: தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்றளித்தது.

குடும்ப வரலாறு எத்துணைப் பெறுமதியானது என்பதை டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகள் காட்டின. 1988இல் சோரென்சனும் அவருடைய குழுவினரும் 960 தத்துக் குடும்பங்களை ஆராய்ந்து, பெற்றவர் ஐம்பது வயதுக்கு முன் நோயால் இறந்திருந்தால் பிள்ளையும் இளவயதில் நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காவதையும், இதய, இரத்தக்குழாய் நோயில் அது நான்கு மடங்கைத் தாண்டுவதையும் கண்டனர். வளர்த்தவர் புற்றுநோயால் இளமையில் இறந்திருந்தால் பிள்ளைக்கும் அந்த ஆபத்து கூடியிருந்தது. ஒரே வீட்டின் பழக்கங்களும் சூழலும் பகிரப்படுகின்றன என்பதே இதன் பொருள். ஆகவே வளர்ப்புப் பிள்ளைக்கு இரண்டு குடும்ப வரலாறுகள் உண்டு, இரண்டும் வைத்தியருக்குத் தேவை.

இந்த வரலாற்றை இழந்தவர்களின் துயரத்தை இலங்கை நன்கு அறியும். 1970களிலிருந்து இந்நாட்டுக் குழந்தைகள் பல்லாயிரவர் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில் 881 பேரும், நெதர்லாந்துக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரும் சென்றனர். அத்தத்தெடுப்புகளுள் பல தரகர்கள் வழியாகப் பணத்துக்கு நடந்தவை. நீதிமன்றத்தில் பெற்ற தாயாக நடிக்கக் கூலிக்குப் பெண்கள் நிறுத்தப்பட்டதும், பிறப்புச் சான்றிதழ்கள் புனையப்பட்டதும் பின்னர் வெளிவந்தன. 1992இல் சட்டம் திருத்தப்பட்டு வெளிநாட்டுத் தத்தெடுப்பு கடுமையாக்கப்பட்டது. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதனை மீண்டும் எழுப்பியபின், 2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் வெளியான அறிக்கையைத் தொடர்ந்து நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. அன்றைய குழந்தைகள் இன்று நாற்பது வயதைத் தொட்டு, மார்பகப் புற்றுநோயோ இதய நோயோ குடும்பத்தில் உண்டா என்று வைத்தியர் கேட்கும்போது, பொய்ப் பெயர் எழுதிய ஒரு தாளை மட்டும் கையில் வைத்திருக்கிறார்கள். கேள்விக்கு விடையில்லாமல் இருப்பதைவிடப் பொய்யான விடை இருப்பது மருத்துவத்தில் அதிக ஆபத்தானது.

மனநலத்தைப் பொறுத்தவரை, பராமரிப்பாளர்கள் குறும்பென்று எடுத்துக்கொள்ளும் சில நடத்தைகளுக்குக் காரணம் பழைய பசியும் பழைய பயமும்தான். தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்துவைத்தல், வயிறு நிறைந்தபின்னும் உண்ணுதல், இரவில் அலறி எழுதல், வயதுக்கு மீறிய அடக்கத்தோடு தம்பி தங்கையை வளர்க்கும் பொறுப்பைத் தானே சுமத்தல் ஆகியவை அவற்றுட் சில. இவற்றுக்குத் தண்டனை எதிர்விளைவையே தரும். உணவு வேளை மாறாமல் வருவதும், சொன்ன நேரத்தில் சொன்னவர் திரும்பி வருவதும், தாய் எங்கே இருக்கிறாள் என்ற உண்மை பிள்ளையின் வயதுக்கேற்ற மொழியில் சொல்லப்படுவதும் மருந்தாகும். தத்தெடுத்ததை மறைத்து வளர்ப்பது பிள்ளையைக் காக்கும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் வலுவாக இருக்கிறது. லயத்தில் எந்த இரகசியமும் நெடுநாள் நிற்பதில்லையாதலால், பிள்ளை அதைச் சண்டையொன்றில் வசையாகக் கேட்டறிவதே வழக்கமாக நடக்கிறது. வளர்த்தவர் வாயிலிருந்து இளமையிலேயே கேட்பது அதைவிடப் பன்மடங்கு நல்லது.

ஹட்டன் பகுதியில் கட்டடக் குறை முன்பைப் போல் இல்லை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகளோடு கட்டப்பட்ட வைத்தியசாலையை 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் திறந்துவைத்தார். நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலையும், பேராதனையில் சிறுவர்களுக்கான சிறப்பு வைத்தியசாலையும் உள்ளன. குறை வேறிடத்தில் இருக்கிறது. பேராதனைக்குப் போய்வர ஒரு பகல் முழுதும் வேண்டும். அன்று வேலைக்குப் போகாத சித்திக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இல்லாமற் போகிறது. பிள்ளையின் மனத்தைத் தமிழில் கேட்டறியக்கூடிய ஆலோசகரும் பேச்சுப் பயிற்சியாளரும் மிகச் சிலரே. எல்லாவற்றுக்கும் மேலாக, நீரிழிவும் மூட்டுவலியும் கண்புரையும் கொண்ட அறுபது வயதுப் பாட்டியே பல பிள்ளைகளின் ஒரே பராமரிப்பாளராக இருக்க, அவளுடைய உடல்நலம் எந்தச் சிறுவர் திட்டத்திலும் எண்ணப்படுவதில்லை. அவள் படுத்துவிட்டால் பிள்ளை இன்னொரு முறை கைமாறும். ஒவ்வொரு கைமாற்றமும் முந்தையதைவிட அதிகமாகக் காயப்படுத்தும் என்பதால், பாட்டியின் இரத்த அழுத்தத்தைப் பிள்ளையின் கிளினிக் நாளிலேயே அளப்பது பிள்ளைக்கான சிகிச்சையே ஆகும்.

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். தத்து ஆணையானாலும் தகுதியுள்ள ஆளின் பொறுப்பில் விடும் ஆணையானாலும், சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேடும் பெற்றவர்களின் நோய் வரலாறும் இணைக்கப்படாமல் எந்தப் பிள்ளையும் கைமாறக் கூடாது. ஆணை ஏதுமின்றி உறவினர் வீட்டில் தங்கிவிட்ட பிள்ளைகளைக் குடும்ப நல உத்தியோகத்தர் தம் பதிவேட்டில் தனிக் குறியிட்டு, ஆண்டுக்கு இருமுறையேனும் வீட்டிலேயே சென்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய மருந்தோ தேவையில்லை. அதுவரை, வேறொருவர் பிள்ளையை வளர்க்கும் ஒவ்வொருவரும் தாயோடு தொலைபேசியில் பேசும்போது பிறப்பு நிறை, ஒவ்வாமை, குடும்ப நோய்கள் ஆகியவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, அதைக் கிளினிக் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று அஞ்சும் எவரும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.